லோகநாயகி ஏறிய பஸ்

இடைவேளைக்கு விளக்கைப் போட்டதும் சங்கரலிங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். செண்பகவல்லி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷமாகப் பார்க்கிற முதுகு, அதில் இன்றைக்குப் புதுசாக என்ன தெரிந்துவிடப் போகிறது? ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர் எழுதின நாவலைச் சினிமாவாக எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் இப்படிக் கொத்துப் பரோட்டா போட்டு வைத்திருக்கிறார்கள், முதல் பாதி முழுக்க மனுஷன் ஒரு ‘ச்சு’ கொட்டவில்லையே. காப்பியில் சர்க்கரை அரைக் கரண்டி கூடிப்போனால் முகத்தைச் சுளிக்கிறவர். தன் கதைக்கு வரைந்துபோட்ட படம் பிடிக்கவில்லை என்று பத்திரிகை ஆசிரியருக்கு வரிசையாக மூன்று கார்டு எழுதினவர். அப்பேர்ப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் அதில் என்னமோ இருக்கிறது. சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். அவர் சும்மா இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

என்னென்ன பண்ணியிருக்கிறார்கள், அடேயப்பா! ‘வாடகை விலாசம்’ நாவலில் வருகிற லோகநாயகி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாமல் இருக்கிறவள். படத்தில் அவளுக்குப் பூக்கடை. ஏன் பூக்கடை? கலர் கலராகத் தெரியுமாம். நாவலில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரு குழாய். படத்தில் மாடிப்படி வளைந்து வளைந்து போகிற வீடு, அதில் லோகநாயகியின் புருஷன், ஒரு ஏழை எழுத்தாளன், வாடகைக்கு இருக்கிறானாம். நல்ல கூத்து. நாவலில் இல்லாத ஒரு தாய்மாமன் திடீரென்று முளைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிப்புக் காட்டினான். அவனுக்கு ஒரு பாட்டு வேறு. பின்வரிசையில் இரண்டு பெண்கள், காலேஜில் பாடம் எடுக்கிறவர்கள் போலிருக்கிறது, முதல் அரைமணி நேரம் "இது எங்கடி நாவல்ல இருக்கு, இது எங்கடி நாவல்ல இருக்கு" என்று புலம்பிப் புலம்பி ஓய்ந்துபோயிருந்தார்கள். கண்ணாடி போட்டவள் மடியில் புத்தகத்தையே வைத்திருந்தாள், பரீட்சைக்கு வந்த மாதிரி. இப்போது விளக்கு வெளிச்சத்தில் அவள் சொல்கிறாள்: "விடு. எதை மாத்தினாலும் கடைசியை மாத்த முடியாதுல்ல. அந்த மூணு வார்த்தைக்காகத்தான் நான் லீவு போட்டுட்டு வந்தேன்." செண்பகவல்லி திரும்பிப் பார்க்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏசி குளிர்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்த மூன்று வார்த்தையில் கடைசி வார்த்தையைச் சங்கரலிங்கம் எழுதவில்லை. செண்பகவல்லி எழுதினாள். தன்னைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் இது தெரியாது என்று இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி நினைத்தால்தான் சோறு இறங்கும் என்பதால் நினைக்கிறாள். அவர் எழுதுகிற விதம் அப்படி. அவளும் எக்ஸ்சேஞ்சில்தான் வேலை பார்த்தாள்; அங்கே கழித்துப்போட்ட, வெளியூர்ப் பேச்சு குறிக்கிற டிரங்க்கால் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்குவார். அந்த எழுத்தை அவரே மறுநாள் படிக்க முடியாது. ராத்திரிச் சமையல் முடித்து அவள் உட்கார்ந்து, ஹீரோ பேனாவில் மை ஊற்றி, மார்ஜின் விட்டு, புல்ஸ்கேப் தாளில் முத்து முத்தாகப் படி எடுப்பாள். அச்சகத்திலிருந்து புரூப் வந்தால் அதையும் அவள்தான் பார்ப்பாள். அச்சான பிறகு அவர் அதைத் திறந்து படிக்கவே மாட்டார். "பெத்துப் போட்டாச்சு, இனி அது பாடு" என்பார். புத்தகம் கைக்கு வந்த அன்றைக்கு, பென்சில் சீட்டுகளையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட வேண்டும், அந்தத் தண்ணீரில் அவர் தலைக்குக் குளிக்க வேண்டும். இது அவர் வைத்த சடங்கு. ஒன்பது புத்தகத்துக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால் ‘வாடகை விலாசம்’ கடைசிச் சீட்டில் அவர் என்ன எழுதியிருந்தார் என்பதற்குச் சாட்சி சாம்பல்கூட இல்லை. அவளே கையால் போட்டாள், அவளே ஊதாங்குழலால் ஊதினாள்.

அந்தச் சீட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லோகநாயகி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு கைப்பையில் இருக்கிறது. பஸ் வருகிறது. ‘அவள் ஏறவில்லை. திரும்பி நடந்தாள். கதவு தாழ் போடாமல் இருந்தது. அவன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.’ அதுதான் அவர் எழுதினது. செண்பகவல்லி ‘பஸ் வந்தது’ வரைக்கும் படி எடுத்தாள். அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்ததோ என்று உதறிப் பார்த்தாள், தாளில் இரண்டு சொட்டு விழுந்தது. மை இருந்தது. வேறு தாள் எடுத்தாள். முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதினாள். ‘பஸ் வந்தது. ஏறினாள்.’ எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, முற்றும் போட்டாள். பயமாக இருந்ததா என்றால் பயமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தாளைப் பார்த்தாள், சிரித்தாள். பயம் மறுநாள் காலையில்தான் வந்தது. வந்தது இன்றுவரைக்கும் போகவில்லை.

ஏனென்றால் அந்த நாவலுக்குத்தான் பரிசு கிடைத்தது. அந்த முடிவைத்தான் எல்லோரும் தூக்கிக் கொண்டாடினார்கள். மேடை மேடையாக. அவள் முன்வரிசையில் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முள்ளின் மேல் உட்கார்ந்திருப்பாள். பேச வந்தவர் ‘அந்தக் கடைசி வரி’ என்று ஆரம்பித்தால் அவள் கண் அவர் முகத்துக்குப் போகும். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும், "எவனும் ஒழுங்காப் படிக்கிறதில்ல செண்பகம், அவனவனுக்குத் தோணுனதைச் சொல்றான்" என்பார். அதைக் கேட்டால் அப்பாடா என்றிருக்கும். படிக்காமல் உளறுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறார், நம்மைச் சந்தேகப்படவில்லை. பிறகு கூட்டும்போது, பெருக்கும்போது, அதே வாக்கியம் வேறு மாதிரிக் கேட்கும். எவனும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றால், ஒழுங்காகப் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஒரு பத்திரிகையில், ‘ஒரே ஒரு வினைச்சொல்லில் ஒரு பெண்ணை விடுவித்துவிட்டார்’ என்று எழுதியிருந்தது. அதை அவரே சத்தமாகப் படித்தார். அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். படித்து முடித்துப் பத்திரிகையை மடித்தார். அப்புறம், "அப்படியா" என்றார். அவ்வளவுதான். யாரைக் கேட்டார் அந்த ‘அப்படியா’வை? பத்திரிகையையா? அவளையா? குழவியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அந்த ஒரு சொல்லை எத்தனை நாள் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்! இழுத்து, வெட்டி, சிரித்துக்கொண்டு, கோபமாக. எந்த விதத்தில் சொன்னார் என்பதே இப்போது மறந்துபோய்விட்டது. சொன்னது மட்டும் மறக்கவில்லை.

சங்கரலிங்கம் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம் பாப்கார்ன். "இந்தா" என்று மடியில் வைத்தார். பார், அதிசயத்தை. கல்யாணம் ஆனதிலிருந்து தியேட்டரில் ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. செண்பகவல்லி அதை எடுத்துப் பார்த்தாள், ஏதோ சீட்டு எழுதி உள்ளே வைத்திருப்பார் போல. விளக்கு அணைந்தது. லோகநாயகியாக நடிக்கிற பெண் திரையில் வந்து கண்ணாடி முன்னால் அழுதாள். ஐயோ, இவள் அழுகிறாளே! நாவலில் ஒரு இடத்தில்கூட அழமாட்டாளே லோகநாயகி. முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இந்தப் பெண் இடைவேளைக்கு முன்னால் நாலுதரம், இது ஐந்து. டைரக்டர் ஜெயசீலன்தான் காரணம். பார்க்க நல்ல பிள்ளை மாதிரிதான் இருந்தான். ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்தான். "அம்மா அம்மா" என்று கூப்பிட்டு, அவள் சுட்ட தோசையை எண்ணாமல் தின்றான். ஆனால் முன்னறையில் இரண்டு பேரும் கதவைச் சாத்தியும் சாத்தாமலும் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அவள் டீ கொண்டுபோனால் பேச்சு நிற்கும். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தால் திரும்ப ஆரம்பிக்கும். இருபத்தேழு வருஷம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு, ஆள் வந்ததும் நிற்கிற பேச்சு என்றால் என்ன என்று தெரியாதா? ஒருநாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது ஜெயசீலன் கேட்டது காதில் விழுந்தது: "அவங்க திரும்பிப் பாக்கல, அப்படித்தானே சார்?" அதற்கு அவர் "ம்" என்றார். எவங்க? கதையில் வருகிறவளை எவனாவது ‘அவங்க’ என்பானா? அன்று முழுக்கக் குழம்புக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்படியெல்லாம் சந்தேகப்படுகிறாளே, பொம்பளைக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டால், அவளைச் சந்தேகப்பட வைத்தது யார் என்று முதலில் கேட்க வேண்டும். நாவல் எழுதுவதற்கு முந்தின வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், செண்பகவல்லி நிஜமாகவே மதுரை பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தாள். கோயம்புத்தூருக்குச் சூப்பர்வைசராகப் பதவி உயர்வு வந்திருந்தது. உத்தரவை அவரிடம் காட்டினபோது, "ஓ" என்று சொல்லிவிட்டுப் பென்சில் சீவினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் நீல ரெக்சின் பையில் நாலு புடவையை வைத்து, ஜிப் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் நாற்காலியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். ஒரு அம்மாள் கொய்யாப்பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தாள். வாங்கினாள், தின்னவில்லை, கையில் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் குப்பைத் தொட்டியில் போட்டாள். மூன்று பஸ் போய்விட்டது. நாலாவது வந்தபோது எழுந்தாள், படியருகே போனாள், வீட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. பயமா, பழக்கமா, வெயிலா. வீட்டுக்கு வந்தால் அவர் அதே நாற்காலியில். "காப்பி இருக்கா?" என்றார். போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் போய்வந்த கதை. இதை அவள் ஒரு உயிரிடமும் சொல்லவில்லை.

சொல்லாத அந்தக் கதை ஆறு மாதம் கழித்து டிரங்க்கால் சீட்டில் பென்சில் எழுத்தில் வந்தது. பை இருந்தது, ஊக்கு இருந்தது. சரி, அது வீட்டில் பார்த்திருப்பார். கொய்யாப்பழம்? மிளகாய்ப்பொடி? தின்னாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தது? அதைப் படி எடுத்த அன்றைக்கு அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷன் அங்கே இருந்திருக்கிறார். எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார். பெண்டாட்டி பஸ் ஏறுகிறாளா இல்லையா என்று வேடிக்கை பார்த்து, கதைக்கு ஆச்சு என்று மனசில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். இல்லை இல்லை, கொய்யாப்பழம் எல்லா பஸ் ஸ்டாண்டிலும்தான் விற்கிறது, கதை எழுதுகிறவருக்குத் தோன்றாதா? தோன்றும். தோன்றாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் குடித்தனம் நடந்தது. வாயைத் திறந்து கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தரம் நினைத்ததுண்டு. கேட்டால் தான் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்தக் கடைசி வரியைப் பற்றியும் பேச்சு வரும். அதனால் கேட்கவில்லை. பதிலுக்குத்தான் லோகநாயகியை ஏற்றிவிட்டாள். நான் போகாவிட்டால் போகிறது, நீயாவது போ என்று ஏற்றிவிட்டாள். அது ஒன்றுதான் அவள் கையால் நடந்த காரியம். ரிட்டையர் ஆனபோது கொடுத்த கடிகாரம்கூட நின்றுபோச்சு, லோகநாயகி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறாள். ஊர் பேர் தெரியாத பெண்கள் வீட்டுக்குக் கடிதாசு எழுதினார்கள், ‘சார், நானும் ஏறிவிட்டேன்’ என்று. அந்தக் கடிதாசுகளை அவர் படித்துவிட்டு அவளிடம் நீட்டுவார். "நீயே பதில் போட்டுரு" என்பார். ஏன் நீயே? அதுவும்தான் உறுத்தியது.

திரையில் பஸ் ஸ்டாண்ட் வந்தது. செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்வரிசைப் பெண்களும் நிமிர்ந்தார்கள், நாற்காலி கிரீச்சிட்டது. அட, என்ன ஆச்சரியம், இந்த ஒரு இடத்தை மட்டும் அப்படியே எடுத்திருக்கிறான்! நீலப் பை. ஊக்கு. கொய்யாப்பழக்காரி. பாட்டு இல்லை, தாய்மாமன் இல்லை. பூக்கடைக்காரி முகத்தில் இப்போது அழுகை இல்லை, கையில் பழத்தைப் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காமல் பார்க்கிறாள். ஜெயசீலா, நல்லா இருப்பேடா, இதையாவது விட்டுவைத்தாயே. முதல் பஸ் போனது. இரண்டாவது போனது. செண்பகவல்லி வாய்க்குள் முணுமுணுத்தாள். ஏறு, என் ராசாத்தி, ஏறு. பஸ் வந்தது. லோகநாயகி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். படியில் ஒரு காலை வைத்தாள். கண்டக்டர் கையை நீட்டினான். அவள் காலை எடுத்துக் கீழே வைத்தாள். "ஏய்!" என்று பின்னால் ஒரு குரல் கத்தியது. பஸ் போய்விட்டது. போயே போய்விட்டது, வெறும் புழுதி மட்டும் நின்றது. அந்தப் பெண் திரும்பி நடந்தாள்.

எரிந்துபோன சீட்டு எப்படித் திரைக்கு வந்தது? ஒரே வழிதான். ஒரே ஒரு ஆள்தான். அவள் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை, பார்க்காமல் காதைக் கொடுத்தாள். ஹெட்செட் மாட்டின காலத்தில், மறுமுனையில் இருக்கிறவன் பொய் சொல்லப் போகிறான் என்று அவன் மூச்சிலேயே கண்டுபிடிப்பாள். இப்போது அவர் மூச்சு சின்னதாக, அடக்கி அடக்கி வந்தது. பாவி மனுஷா, திருப்பி எடுத்துக்கொண்டீரா! இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து, நான் கிழவியான பிறகு, ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி, என் ஒரே ஒரு வரியைப் பிடுங்கிக்கொண்டீரா! இதற்குத்தான் பாப்கார்னா? கண் எரிந்தது. இறங்கிப் போய்விடலாம் என்று கைப்பிடியைப் பிடித்தாள். அப்போதுதான் காமிரா திரும்பியது. பஸ் ஸ்டாண்டின் மறுபக்கம் ஒரு டீக்கடை. தூணுக்குப் பின்னால் லோகநாயகியின் புருஷன் நின்றுகொண்டிருந்தான். கையில் டீ கிளாஸ். டீயில் ஆடை படர்ந்திருந்தது. இது நாவலில் இல்லை. எரித்த சீட்டிலும் இல்லை. இது எங்கேயும் எழுதப்படவே இல்லை.

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். வைத்த அடியைப் பின்னால் எடுத்தான். பெண் திரும்பி வருவதைப் பார்த்ததும் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினான். குறுக்குச் சந்தில், சாக்கடையைத் தாண்டி, ஒரு செருப்பு அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் விழுந்து, பென்சிலை எடுத்துக் குனிந்துகொண்டான். கதவு திறந்தது. மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று வாயை மூடி அடக்கிக்கொண்டு, நிமிராமல் கேட்டான், "காப்பி இருக்கா?" செண்பகவல்லி கைப்பிடியை விட்டுவிட்டாள். சட்டை. அன்றைக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி ஓடுகிற அறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு என்ன இப்படி வியர்வை என்று காப்பியை வைக்கும்போது ஒரு நொடி தோன்றியது. கரண்ட் போய் வந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். நாற்காலிக்கு அடியில் ஒற்றைச் செருப்பு வார் அறுந்து கிடந்தது. அதையும் அவள்தான் மறுநாள் தைக்கக் கொடுத்தாள். எத்தனை விஷயத்தைச் சந்தேகப்பட்டாள், இந்த இரண்டையும் மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறாளே! ஆக, நின்றார். பார்த்தார். சரி. ஒரு அடி முன்னால் வைத்தவருக்கு இரண்டாவது அடி வைக்க என்ன கேடு? கூப்பிட்டிருந்தால் கோபமாகவாவது ஏறியிருப்பாளே. போ என்றிருந்தால் போயிருப்பாளே. கோபம் வந்தது, அழுகை வந்தது, அந்த அறுந்த செருப்போடு ஓடினதை நினைத்தால் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. படம் முடிந்து பேர் ஓடியது. அவள் ஒன்றையும் படிக்கவில்லை.

விளக்கு வந்தது. "கெடுத்துட்டாங்கடி" என்று கண்ணாடிக்காரி சத்தமாகவே சொன்னாள். "மொத்தத்தையும் கெடுத்துட்டாங்க. அவளைத் திரும்ப அடுப்படியில கொண்டுபோய் விட்டுட்டாங்க." எழுந்தவள் முன்வரிசையைப் பார்த்து அப்படியே நின்றாள். மடியிலிருந்த புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிப் போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், நீங்கதானே?" சங்கரலிங்கம் கும்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாவல்ல அவ ஏறிப் போயிருவா சார். அதை எப்படி சார் நீங்க மாத்தச் சம்மதிச்சீங்க? எங்க கிளாஸ்ல வருஷா வருஷம் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுவேன் சார்." செண்பகவல்லிக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்று பயந்து பாப்கார்ன் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் முழங்காலைத் தேய்த்தார். செண்பகவல்லியைப் பார்க்கவில்லை.

"அந்த முடிவு என்னுது இல்லம்மா" என்றார்.

"அப்படின்னா? வாசகர்களோடதுன்னு சொல்றீங்களா சார்?"

"இல்லம்மா. எழுதுனவங்க வேற. என்னுது எதுவோ அதைத்தான் நான் அந்த டைரக்டர் தம்பிக்குக் கொடுக்க முடியும். நல்லா இல்லைன்னாலும் அதான் என்னுது. அடுத்தவங்க எழுதுனதை அவங்களைக் கேக்காம நான் எப்படித் தூக்கிக் கொடுக்கிறது?"

கண்ணாடிக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய எழுத்தாளர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தாளோ என்னமோ, "என்ன சார், நீங்களே இப்படிச் சொல்றீங்க" என்று முனகிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏமாந்த முகத்தோடு போனாள். கையெழுத்துகூடக் கேட்கவில்லை. செண்பகவல்லி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு மேல் வரிசையில் வந்து, "எந்திரிங்கம்மா, அடுத்த ஷோவுக்கு விடணும்" என்ற பிறகுதான் எழுந்தாள். படியில் இறங்கும்போது எப்போதும் அவர் கையை அவள் பிடித்துக்கொள்வாள், அவர் முழங்காலுக்காக. இன்றைக்குப் பிடிக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். வெளியே பட்டப்பகல் வெயில் கண்ணைக் குத்தியது. ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் அவருக்கு முன்னால் நடந்தாள். அங்கே வந்து நின்றாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"புஸ்தகம் வந்த அன்னிக்கே."

"அச்சானதைத் திறக்க மாட்டேன்னு சொல்வீங்களே."

"கடைசிப் பக்கம் மட்டும் பாப்பேன். எல்லாப் புஸ்தகத்துக்கும். நான் குளிக்க நீ தண்ணி விளாவிக்கிட்டு இருப்ப, அப்பப் பாப்பேன்."

வெந்நீர் அடுப்பு முன்னால் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் சீட்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷன் உள்ளே நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார். படித்துவிட்டு வந்து, துண்டை வாங்கிக்கொண்டு, தலைக்குக் குளித்திருக்கிறார். அத்தனை மேடையிலும் ரோஜா இதழைப் பிய்த்திருக்கிறார். "அப்படியா" என்றிருக்கிறார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க நினைத்தாள். தான் ஏன் திறக்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்பார் என்று விட்டுவிட்டாள். ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"செண்பகம்" என்றார் சங்கரலிங்கம். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தார். "ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன். அவ ஏறின பஸ் எந்த ஊருக்குப் போச்சு? அதை நீ எழுதவே இல்லையே."

செண்பகவல்லி அவரை நன்றாகப் பார்த்தாள். வேஷம் இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற முகம்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். "நான்தான் ஏறலையே."